காது அறிந்ததைக் கண்ணும் அறியட்டும்!

பாட்டு வருகிறது, படிப்பு வரவில்லை!

கீழ்பென்னாத்தூரில் உழைப்பாளி வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அந்தியிலே அலுத்துத் திரும்புகிறார் தந்தை. கைப்பேசியில் ஒலிக்கும் பாட்டை அடி பிசகாமல் பாடுகிறான் மகன். பாடநூலை விரித்தாலோ, எழுத்துக் கூட்டித் தடுமாறுகிறான். "மண்டு" என்கிறார்கள். நூறு பாட்டை நெஞ்சிலே நிறுத்தியவனா மண்டு? காது கற்றுவிட்டது, கண் கற்கவில்லை. குறை அவ்வளவே!

அந்தக் குறையைச் சிறிதென்று விடலாமா? மூன்றாம் வகுப்பில் எழுத்தைத் தவறவிட்டவன், ஏழாம் வகுப்பில் கணக்கையும் அறிவியலையும் தவறவிடுகிறான். பிறகு பள்ளியையே விட்டுவிடுகிறான். வசதி படைத்தவர் தனி ஆசிரியர் வைப்பார். நம் பிள்ளைக்கு யார்?

காது அறிந்ததைக் கண்ணுக்குக் காட்டினால் என்ன? 1996இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பிரிஜ் கோத்தாரி என்பார் இம்முயற்சியைத் தொடங்கினார். பாட்டு ஒலிக்கும்போதே, அதே மொழியில், அதே சொற்கள் திரையின் அடியில் வரும். பாடப்படும் சொல் நிறம் மாறும். 2002இல் தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' என்னும் இந்திப் பாட்டு நிகழ்ச்சியில் இம்முறை இடம்பெற்றது. அடுத்த சொல்லைக் காது முன்பே அறியும். கண் அதைத் தேடிப் பிடிக்கும். பிரம்பில்லை, அச்சமில்லை. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பவன், தன்னை அறியாமலே திரும்பத் திரும்பப் படிக்கிறான்!

தமிழ்நாட்டிலும் வழி பிறந்திருக்கிறது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளையின் நிலையறிந்து, பாட்டும் கதையும் கொண்டு கற்பிக்கும் திட்டம் அது.

ஆனால், திரை தானே ஆசிரியராகிவிடாது. எழுத்தே இல்லாத படத்தை மணிக்கணக்கில் பார்த்தால் கண் களைக்கும், படிப்பு வளராது. ஆகவே, அடியில் தமிழெழுத்து வரும் பாட்டையோ கதையையோ தேடுங்கள். பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள். முதல்முறை கேட்கட்டும். மறுமுறை எழுத்தைப் பார்த்தபடி கூடவே சொல்லட்டும். மூன்றாம் முறை ஒலியை நிறுத்துங்கள், படிக்கட்டும்! பிறகு அதே சொற்களைப் புத்தகத்திலே தேடச் சொல்லுங்கள்.

"எனக்கே படிக்கத் தெரியாதே" என்கிறீர்களா? மகனோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள், வெட்கமென்ன?

தமிழ்த் தொலைக்காட்சிகளையும் கேட்போம்: பாட்டுக்கு அடியிலே எழுத்தைப் போடுங்கள்! பாட்டன் கைநாட்டு வைத்தான். தந்தை கையெழுத்துப் போடக் கற்றான். பேரன் ஏட்டைத் தடுமாறாமல் படிக்கட்டும்!