ஏரிக்கரையும் ஒரு பள்ளிக்கூடமே

ஏரியின் பயன் யாது என்று பள்ளிச் சிறுவனைக் கேட்டால், பாடநூலிலுள்ள விடையைத் தவறாது ஒப்புவிப்பான். தன் ஊர் ஏரிக்கு எவ்வழியே நீர் வருகிறது, எந்த மதகு எந்த வயலுக்குப் பாய்கிறது என்று கேட்டாலோ விழிப்பான். சுற்றுச்சூழற் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிலேயே பணித்தது. பாடம் வந்துவிட்டது, அதனைக் கண்ணாற் கண்டு பயிலும் வாய்ப்பையும் நாம் அளித்தல் வேண்டும்.

சிறுவாச்சூர் வட்டாரச் சிறார்க்கு இவ்வாய்ப்பு அருகிலேயே உள்ளது. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பத்தக்க தொலைவில், அரியலூர் மாவட்டத்தில், கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் அமைந்துள்ளது. ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரி 1999-இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. ஈர நிலங்களைக் காக்க ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971-இல் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் பட்டியலில் 2024 ஜனவரியில் இடம்பெற்றது.

இது பாசன ஏரி என்பதை உழவர்கள் கருத வேண்டும். புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரி நீர் இதனை அடைகிறது. சுற்றுப்புற மக்கள் இந்நீரைக் கொண்டு நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம், துவரை முதலியவற்றைப் பயிரிடுகின்றனர். அதே நீரில் 190-க்கு மேற்பட்ட பறவையினங்கள் காணப்பட்டுள்ளன. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்தும் அவற்றுள் ஒன்று.

பறவையால் உழவனுக்கு வரும் பயன் என்ன? அதன் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அவை நீரிற் கலந்து மதகு வழியே வயலை அடைகின்றன. உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளிகளைத் தின்று பயிரைக் காக்கிறது. வேடந்தாங்கல் மக்கள் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கோரி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் என்பாரிடம் உரிமைச் சாசனம் பெற்றவர்கள் அவ்வூர்க் குடியானவர்களே.

இனிச் செய்யவேண்டியதைக் கூறுவோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகள் மிகும் பருவம். தலைமையாசிரியரும் ஊராட்சியும் கலந்து, வனத்துறையின் இசைவை முன்னரே பெறவேண்டும். பறவைகளை நன்கு காணத்தக்க காலை வேளையிலேயே ஏரியை அடைவது நலம். பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் துணை செல்லட்டும். கூச்சலும், பளிச்சென்ற ஆடையும், பிளாஸ்டிக் பையும் வேண்டா. குறிப்பேடும் எழுதுகோலும் போதும். ஒரு தொலைநோக்கி கிடைப்பின் மிக நன்று. பறவையின் பெயரை மனனம் செய்விப்பதினும், அலகின் வடிவம் எவ்வாறு உள்ளது, ஆழத்தில் மேய்கிறதா, கரையோரச் சேற்றில் மேய்கிறதா என்று உற்றுநோக்கச் செய்வதே மேலானது. நீர் வரும் வாய்க்காலையும், வெளியேறும் மதகையும் அவசியம் காட்டவேண்டும். முதிய உழவர் ஒருவரை உடனழைத்துச் சென்றால் ஆசிரியரின் பணி எளிதாகும்.

ஊர் திரும்பிய பின்னரே பாடத்தின் பிற்பகுதி தொடங்குகிறது. அடுத்த வாரமே மாணாக்கர் தம் ஊர் ஏரியைச் சுற்றி வரட்டும். வரத்து வாய்க்கால் எங்கே தூர்ந்துள்ளது, கருவேலம் எவ்வளவு படர்ந்துள்ளது, குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்பவற்றைப் படமாக வரையட்டும். பொங்கலுக்கு முன்னர் இவற்றை முடித்தால், ஜனவரி 26 கிராம சபையில் அப்படத்தை மக்கள்முன் வைக்கலாம். சிறார் சுட்டிய குறைகளுள் ஒன்றையேனும் அவ்வாண்டே ஊராட்சி நீக்கித் தருதல் வேண்டும். இல்லையேல், கேட்பாரில்லை என்பதையே அவர்கள் கற்றவராவர்.

நமது பகுதியின் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பெரிதும் வான்மழையையும் கிணற்றையும் நம்பியவை. ஏரி நிரம்பினால்தான் கிணறு ஊறும். வரத்து வாய்க்கால் அடைபட்ட ஏரிக்கு நீர்ப்பறவை வாராது. அருகிலுள்ள கிணறும் வற்றும். இதனை இன்று கண்டறியும் சிறுவர்களே நாளை ஊராட்சியை நடத்தப் போகிறவர்கள். அவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லும் ஒரு நாட்செலவை வீண் செலவென எண்ணாது, ஏரிப் பராமரிப்பின் முதற் செலவாகக் கொள்ளுமாறு ஊராட்சி உறுப்பினர்களை வேண்டுகிறோம்.