விழுந்த இடமும் தப்பு நடந்த இடமும்

சாதாரண நிரல் ஒன்று தனக்கு ஒதுக்காத நினைவகத்தில் எழுதப் பார்த்தால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை அங்கேயே நிறுத்திவிடும். கெர்னலே தப்பான இடத்தில் எழுதினால் கேட்க ஆளில்லை. லினக்ஸில் டிரைவர், கோப்பு முறைமை, நெட்வொர்க் எல்லாம் ஒரே நினைவகப் பரப்பில் புழங்குகின்றன. வைஃபை டிரைவர் செய்த தப்புக்கு அரை மணி நேரம் கழித்துக் கோப்பு முறைமை விழலாம். பிழைச் செய்தியில் வருவதும் கோப்பு முறைமையின் பெயர்தான். அந்தப் பெயரை உடனே நம்பாதவரே கெர்னல் பிழையைத் தேடும் வேலைக்கு லாயக்கு.

துப்புத் துலக்க, விழுந்த கணத்தின் நினைவகப் பிரதி வேண்டும். முன்பு விழுந்த கெர்னலே அதை வட்டில் எழுதியது. அதன் வட்டு டிரைவரே சிதைந்திருந்தால் வட்டில் உள்ள நல்ல தரவும் பாழாகலாம். இதற்கு மாற்றாக வந்தது கேடம்ப். ஐபிஎம்மின் இந்தியப் பொறியாளர்கள் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லித்தீர்த்தா இருவருக்கும் எரிக் பீடர்மனுக்கும் இதில் முக்கியப் பங்கு உண்டு. இது 2005-இல் லினக்ஸ் 2.6.13-இல் சேர்ந்தது. ஒதுக்கி வைத்த நினைவகத்தில் இன்னொரு கெர்னல் முன்கூட்டியே காத்திருக்கும். முதலாவது விழுந்ததும் இது எழுந்து, பழையதன் நினைவகத்தைப் பிரதி எடுக்கும்.

பிழைகளில் மிகவும் படுத்துவது, விடுவித்த நினைவகத்தைப் பிறகும் தொடுவது. கே.கே. நகரில் வாடகை வீட்டைக் காலி செய்தவர் பழைய சாவியோடு திரும்பி வந்து, புதுக் குடித்தனக்காரரின் சாமான்களை இடம் மாற்றுவது போன்றது இது. இதைப் பிடிக்கச் சோதனை முறையில் ஓடும் கெர்னல், விடுவித்த பைட்டுகளில் 107 என்ற எண்ணை நிரப்பி வைக்கும். திரையில் அது பதினாறடிமான எண்ணாக '6பி 6பி 6பி 6பி' என்று ஓடும். நடுவே ஒன்று '6ஏ' என்று ஒன்று குறைந்திருந்தால் அனுபவசாலிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்: விடுவித்த பொருளின் பயனர் எண்ணிக்கையை யாரோ மறுபடி ஒன்று குறைத்திருக்கலாம். ஆனால் இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட். ரேம் சில்லு கெட்டாலும் இதே தடயம் விழும். வேறு கணினியிலும் அதே கோளாறு வருகிறதா என்று பார்க்காமல் நிரலைக் குறை சொல்வது அவசரம்.

இவையெல்லாம் தப்பு நடந்த பிறகு தேடும் வழிகள். 2015-இல் லினக்ஸ் 4.0-இல் வந்த கேசான் என்ற கருவி தப்பு நடக்கும்போதே பிடிக்கிறது. எட்டு பைட்டுக்கு ஒரு நிழல் பைட் வைத்து, எந்தப் பகுதியைத் தொடலாம் என்று அதில் குறித்துக்கொள்ளும். கம்பைலர் ஒவ்வொரு வாசிப்புக்கும் எழுதலுக்கும் முன் ஒரு சோதனையைச் செருகும். நினைவகத்தை யார் ஒதுக்கினார், யார் விடுவித்தார், யார் தொட்டார் என்ற மூன்றும் அறிக்கையில் வந்துவிடும். வேகம் அடிவாங்குவதால் பயன்பாட்டிலுள்ள சர்வர்களில் பொதுவாக இதை ஓட்டுவதில்லை. அங்கே, 2021-இல் சேர்ந்த கேஃபென்ஸ் சில ஒதுக்கீடுகளை மட்டும் மாதிரிக்கு எடுத்துக் கண்காணிக்கிறது.

சோதனையைச் சில்லுக்கே ஒப்படைக்கும் முயற்சி சென்னை ஐஐடியில் நடந்தது. அங்குள்ள ஆய்வாளர்கள் 2017-இல் சக்தி-டி, 2019-இல் சக்தி-எம்எஸ் என்ற செயலி வடிவமைப்புகளை வெளியிட்டனர். நினைவக முகவரியைச் சுட்டும் பாயிண்டர் எதுவரை செல்லலாம், அது இன்னும் செல்லுபடியாகுமா என்பதை வன்பொருளே பார்க்கும். ஆனால் சக்தி-எம்எஸ்ஸில் ஓட, சி நிரலை அதற்கென மாற்றிய கம்பைலரால் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும்.