என்றும் புதிதாய் நிற்கும் பழங்கோயில்

ஜப்பான் நாட்டிலே புகழ்பெற்ற கோயில்கள் எத்தனையோ உண்டு. அவற்றுள் தலையாயது எது என்று அந்நாட்டவரைக் கேட்டால் பலரும் ஈஸே என்றே விடை பகர்வர். மலையிலும் மரத்திலும் ஆற்றிலும் தெய்வம் உறைவதாகக் கொள்ளும் ஷிண்டோ சமயத்தின் தலைமைத் தலம் அது. நண்பர்கள் சிலருடன் ஜப்பான் சென்றிருந்தபோது அத்தலத்தைக் காணும் பேறு எங்களுக்கு வாய்த்தது. அங்கே கண்டவற்றையும், கண்டபின் எங்களுக்குள் எழுந்த ஒரு கேள்வியையும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நகோயா நகரிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஈஸேயை அடையலாம். ஈஸே என்பது ஒரு கோயிலன்று. 125 கோயில்கள் அடங்கிய ஒரு தொகுதி. அவற்றுள் முதன்மையானவை இரண்டு. உணவும் உடையும் உறையுளும் அருளும் தொயோஉகே என்னும் தெய்வத்துக்குரியது கெக்கூ என்ற புறக்கோயில். சூரிய தேவியாகிய அமதெராசுவுக்குரியது நைக்கூ என்ற அகக்கோயில். புறக்கோயிலை வணங்கிய பின்னரே அகக்கோயிலுக்குச் செல்லுதல் மரபு. நாங்களும் அவ்வாறே செய்தோம்.

அகக்கோயிலுக்கு முன்னே இசுஸு என்னும் ஆறு தெளிந்து ஓடுகிறது. அதன்மேல் 100 மீட்டருக்குச் சற்று மிகுதியான நீளமுடைய மரப்பாலம். அதன் இரு முனைகளிலும் நம் தோரணவாயிலை ஒத்த உயர்ந்த மரவாயில்கள். பாலத்தைக் கடந்து ஆற்றுநீரில் கைகழுவி, வானளாவிய மரங்களின் நிழலிலே கூழாங்கல் பரப்பிய பாதை வழியே நடந்தோம். கல்படிகளில் ஏறியதும் ஒரு வாயில். அதிலே ஒரு வெண்திரை. அதற்கப்பால் செல்ல யாத்திரிகர்க்கு அனுமதியில்லை. இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்கினோம். நான்கு வேலிகளுக்குள் அமைந்த கருவறையின் புல்வேய்ந்த கூரையும், அதன் நெற்றியில் குறுக்காக நீண்ட மரங்களுமே கண்ணுக்குப் புலப்பட்டன.

திரும்பும் வழியில் எங்களுள் பொறியியல் வல்லுநரான நண்பர், “என்ன ஐயா, 1,300 ஆண்டுப் பழமை என்று சொல்லி அழைத்து வந்தீர்கள். இந்தக் கட்டடம் என் மகனைவிட இளையதாயிற்றே!” என்றார்.

அவர் கூறியதில் பிழையில்லை. இப்போது நிற்கும் கருவறை 2013-இல் எழுப்பப்பட்டது. ஜிதோ என்னும் பேரரசியின் காலத்தில், 690-ஆம் ஆண்டில், இக்கோயில் முதன்முறையாகப் புதுப்பிக்கப்பட்டது. அதுமுதல் இருபது ஆண்டுக்கொருமுறை புதிதாகக் கட்டுதல் வழக்கமாயிற்று. ஒவ்வொரு முதன்மைக் கோயிலுக்கும் அருகருகே இரண்டு மனைகள் உள்ளன. ஒன்றிலே கோயில் நிற்க, மற்றொன்று வெறுமையாய்க் காத்திருக்கும். காலம் வந்ததும் வெற்று மனையில் அதே அளவில், அதே வடிவில் புதுக்கோயில் எழும். ஓர் இரவில், இருளினூடே, தெய்வத்தின் திருச்சின்னத்தை வெண்பட்டால் மறைத்து அங்கே எழுந்தருளச் செய்வர். 2013-இல் நிகழ்ந்தது 62-ஆவது முறை. 2033-இல் நிகழவிருக்கும் அடுத்த முறைக்கான முதற்சடங்குகள் 2025-இலேயே தொடங்கிவிட்டன.

இவ்வளவு பாடு எதற்கு? அடித்தளக் கல்லின்றித் தூண்களை மண்ணிலேயே நடுகின்றனர், கூரையோ புல். இவை விரைவில் நலியக்கூடியவையே. ஆயினும் நெடுங்காலம் நிற்கும் மரக்கட்டடம் எழுப்ப ஜப்பானியர் அறியாதவரல்லர். நாராவுக்கு அருகே ஹோரியூஜி என்னும் பௌத்தப் பள்ளியின் மரக்கட்டடங்கள் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக நிற்கின்றன. ஹோரியூஜி மரத்தைக் காத்தது. ஈஸே கைத்திறனைக் காத்தது. இருபது ஆண்டு என்பது ஒரு தலைமுறையின் அளவு. இளமையில் ஏவல் செய்து பயிலும் தச்சன், அடுத்த முறை முதன்மைப் பணி ஏற்பான். அதற்கடுத்த முறை இளைஞர்க்குக் கற்பிப்பான். கட்டடம் மட்டுமன்றி, ஆடைகள், வாள்கள் முதலாக 714 வகையில் 1,576 திருப்பொருள்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்படுகின்றன.

இதற்கு வேண்டும் ஹினோகி மரங்கள் 10,000-க்கு மேற்பட்டவை. அவற்றைத் தம் காட்டிலேயே விளைவிக்க, 1923-இல் 200 ஆண்டுத் திட்டமொன்றை வகுத்தனர். நட்டவர் எவரும் அதன் நிறைவைக் காணப்போவதில்லை. பழைய மரமும் வீணாவதில்லை. கருவறையின் பெருந்தூண்கள் பாலத்து வாயில்களாக மாறி மேலும் இருபது ஆண்டு பணி செய்கின்றன. பின்னர் வேறு ஊர்களுக்குச் செல்கின்றன.

இத்தொடர் ஒருபோதும் அறுந்ததில்லை என்று எண்ணிவிடலாகாது. பதினைந்தாம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர்கள் மூண்டபோது 120 ஆண்டுகளுக்கு மேலாகப் பணி நின்றுபோயிற்று. அக்காலத்தில் ஊரூராகச் சென்று பொருள் திரட்டி, அதை மீட்க முன்னின்றவர்கள் பௌத்தத் துறவு பூண்ட பெண்மணிகள் என்பது வியப்புக்குரியது. 1585-இல் இரு கோயில்களும் மீண்டும் முறைப்படி புதுக்கப்பெற்றன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1949-இல் நடக்கவேண்டியதும் 1953-க்குத் தள்ளிப்போயிற்று. ஆயினும் 1949-இல் பாலத்தையேனும் புதிதாகக் கட்டினர்.

இவற்றையெல்லாம் பேசிக்கொண்டே பாலத்தை அடைந்தோம். அதுவரை வாளாவிருந்த நண்பரின் மனைவியார், “வாசற்கோலத்துக்கு யாராவது வயது கேட்பார்களா? உச்சிவேளைக்குள் அழிந்துபோகிறது, மறுநாள் போடுகிறோம். எனக்கு என் அம்மா சொல்லிக்கொடுத்தாள், அவளுக்கு அவள் அம்மா” என்றார். சற்று நேரம் கழித்து, “நம் பெண்ணுக்குத்தான் நான் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை” என்றார்.

பொறியியல் நண்பர் மறுமொழி கூறவில்லை. பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு, பாட்டனார் கட்டிய வீடும் அவர் வழிபட்ட கோயிலும் தொலைவில் உள்ளன. உடன் கொணர்ந்தவை மொழியும், சில பாடல்களும், சமையற்கட்டுப் பக்குவங்களும், கோலங்களுமே. அவற்றை நம் வீட்டில் இருபது வயதுக்குட்பட்டவர் எத்தனை பேர் தாமே செய்யவல்லர் என்று எண்ணிப் பார்த்தோம். எங்களுள் ஒருவரும் விடை கூறத் துணியவில்லை. ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறன்று அந்த அம்மையார் தம் மகளைக் கோலப்பொடியுடன் வாசலுக்கு அழைத்தார் என்று மட்டும் அறிந்தோம்.