பன்னீர் ரோஜாவா, எட்வர்ட் ரோஜாவா? பெயர்க் குழப்பத்தைத் தெளிவுபடுத்தும் 200 ஆண்டுப் பழைய குறிப்புகள்

பாலாநகர் (ஹைதராபாத்): சுற்றுச்சுவரில் படரவிட இளஞ்சிவப்பு ரோஜா வேண்டும் என்று நர்சரியில் கேட்டால், 'பன்னீர் ரோஜா', 'எட்வர்ட்', 'நாட்டு ரோஜா' எனப் பல பெயர்களில் கன்றுகள் கிடைக்கின்றன. இவை ஒரே செடியா, வெவ்வேறு செடிகளா என்பது வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு மட்டுமன்றி, உதிரிப்பூவுக்காகப் பயிரிடும் விவசாயிகளுக்கும் முக்கியமான கேள்வி. உண்மையான டமாஸ்க் ரோஜா குளிர் நிறைந்த பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை, வசந்த காலத்தில் பூப்பது. எட்வர்ட் ரோஜாவோ சமவெளியிலும் மீண்டும் மீண்டும் பூக்கும். ஒன்றை மற்றொன்று என நம்பி நட்டால் வருமானக் கணக்கே மாறிவிடும்.

வேலியில் முளைத்த செடி

எட்வர்ட் என்ற பெயரின் வேர் இந்தியப் பெருங்கடலில் உள்ளது. இன்று ரீயூனியன் எனப்படும் தீவு அன்று பிரெஞ்சுக்காரர்களின் பூர்போன் தீவாக இருந்தது. அங்கு நிலங்களைப் பிரிக்கும் வேலியாக இரண்டு வகை ரோஜாக்களை நெருக்கி நடுவது வழக்கம். ஒன்று அடிக்கடி பூக்கும் சீன ரோஜா, மற்றொன்று மணம் மிகுந்த டமாஸ்க். அவற்றுக்கிடையே முளைத்த ஒரு செடி மட்டும் வேறுபட்டிருந்ததை எதுவார் பெரிஷோன் என்பவரின் தோட்டத்தில், 1817ல் தீவுக்கு வந்த தாவரவியலாளர் நிக்கோலா ப்ரெயோன் கண்டதாகப் பழைய ரோஜா நூல்கள் கூறுகின்றன. 'எதுவார்' என்பதே இந்தியாவில் 'எட்வர்ட்' ஆனதாகக் கருதப்படுகிறது. செடி முதலில் கல்கத்தாவில் இருந்ததா, தீவிலிருந்து இங்கு வந்ததா என்பதில் ரோஜா ஆர்வலர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உள்ளது.

ப்ரெயோன் அனுப்பிய விதைகளைப் பாரிஸ் அருகே நெய்யில், ஓர்லியன்ஸ் பிரபுவின் தோட்டக்காரர் ழாக் வளர்த்தார். அதிலிருந்து வந்த செடியே புகழ்பெற்ற ஓவியர் ரெதூத்தேயின் 'ரோஜாக்கள்' என்ற நூலில் இடம்பெற்றது. 1817 முதல் 1824 வரை வெளியான அந்நூலின் விளக்கங்களைத் தோரி எழுதினார். அவர் இந்த ரோஜாவை 'ரோசா கானினா', அதாவது ஐரோப்பியக் காட்டு ரோஜாவின் ஒரு வகையாகவே பதிவு செய்தார். அழகான ஓவியமும் தவறான இனப்பெயரும் ஒரே பக்கத்தில் அமைந்துவிட்டன.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. விதையிலிருந்து வளரும் ரோஜா தாய்ச்செடியை அப்படியே ஒத்திருப்பதில்லை. எனவே ரெதூத்தே வரைந்தது தீவில் இருந்த எதுவார் அல்ல, அதன் வழித்தோன்றல். ஓவியத்தை மட்டும் ஒப்பிட்டு நம் ஊர்ச் செடிக்குப் பெயர் சூட்டுவது இதனால் சரிவராது.

முள்ளில்லாத கொடி

இந்தப் பூர்போன் குடும்பத்திலிருந்து வந்த புகழ்பெற்ற கொடி ரோஜா, பிரான்சின் திஜோன் நகரில் பிஸோ என்பவர் 1868ல் வெளியிட்ட 'செஃபிரின் த்ருஎன்'. மூன்று, நான்கு மீட்டர் வரை ஏறும் இக்கொடியில் அடர் இளஞ்சிவப்பு மலர்கள் நல்ல மணத்துடன் பூக்கும். தண்டில் முள் ஏறக்குறைய இல்லை. இத்தாலியில் ஒரு பெயர், பிரான்சில் வேறு பெயர்கள் என இது பல பெயர்களில் விற்கப்பட்டாலும், முள்ளின்மை என்ற குறிப்பு மட்டும் மாறவே இல்லை. 1940ல் வெளியான அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலான 'சேட் சைப்ரஸ்'ஸில், ரோஜா முள் குத்தியதாக ஒருவர் சொல்லும் பொய் அம்பலமாவதும் இந்தக் குறிப்பால்தான்.

நிறத்தை நம்பி அடையாளம் காண முடியாது. ஒரே செடியின் பூ குளிரில் அடர்ந்தும், ஹைதராபாத் மே மாத வெயிலில் வெளிறியும் தோன்றும். முள் உண்டா, தளிர் செம்பு நிறமா, மீண்டும் பூக்கிறதா, மணம் எப்படி என்பவையே பழைய விவரிப்புகள் நமக்குத் தரும் நம்பகமான அளவுகோல்கள். எட்வர்டில் முட்கள் உண்டு. செஃபிரின் என்ற பெயரில் முள் நிறைந்த கன்றைக் கொடுத்தால் அது வேறு செடி.

முள்ளில்லாத கொடியை விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாம்பல் நோயும் கரும்புள்ளி நோயும் இதனை எளிதில் தாக்கும். காற்றோட்டமில்லாத, வெயில் தகிக்கும் சுவரை ஒட்டி நட்டால் பாதிப்பு அதிகமாகும். நம் வெப்பத்திற்கு ஏற்ற ரோஜாக்களை உருவாக்கும் நோக்கில், ஆந்திரப் பிரதேசத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பணியாற்றிப் பின்னர் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ்.வீரராகவன், இந்தியக் காட்டு ரோஜாக்களான ஜைகான்டியா, கிளினோபில்லா ஆகியவற்றைக் கொண்டு கலப்பினங்களை உருவாக்கியுள்ளார்.

எட்வர்ட் பல இடங்களில் ஒட்டுக்கட்டும் வேர்ச்செடியாகவும் பயன்படுகிறது. மேலே ஒட்டிய செடி பட்டுப்போன பின், அடியிலிருந்து புறப்படும் தளிரில் இளஞ்சிவப்புப் பூக்கள் மலரும். 'ரோஜா நிறம் மாறிவிட்டது' என்று வீடுகளில் சொல்லப்படுவதன் பின்னணியில் பெரும்பாலும் வேர்ச்செடியே இருக்கும்.