காட்டுக் காளான்: பார்த்து மகிழுங்கள், பறித்துச் சமைக்காதீர்கள்

மழை விட்ட மறுநாள் பால்மரத் தோட்டத்தில் காளான் பறித்து வந்து குழம்பு வைத்த நினைவு உங்களில் பலருக்கு இருக்கும். இன்று நண்பர்களோடு குழுவாகச் சென்று காளான்களைப் பார்த்து அடையாளம் காண்பது நல்ல நடைப்பயிற்சி, மனத்திற்கும் உற்சாகம். ஆனால், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழகிய கண்ணும் ஏமாறலாம்

கறையான் புற்றருகே முளைக்கும் புற்றுக்காளானை நம் மக்கள் காலங்காலமாக உண்டு வருகிறார்கள். அதைப் போலவே தோன்றும் பெரிய வெள்ளைக் குடைக்காளான் ஒன்று புல்திடல்களில் முளைக்கிறது. இது நச்சுக்காளான். இளசாக இருக்கும்போது இதன் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும். முற்றிய பிறகுதான் பச்சை நிறம் ஏறும். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம். வயதானவர்களுக்கு, குறிப்பாக நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு, உடலில் நீர் வற்றுவது பேராபத்து.

இவற்றை நம்பாதீர்கள்

வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை, பூச்சி அரித்திருக்கிறது என்பதால் காளான் நல்லது என்று ஆகிவிடாது. கொதிக்க வைத்தாலும் எல்லா நஞ்சும் நீங்காது.

குழுவாகச் செல்லும்போது

• காளான்களை அறிந்த வழிகாட்டியுடன் செல்லுங்கள். தனியே பாதையை விட்டு விலகாதீர்கள்.
• வழுக்காத காலணி, குடிநீர், கொசு விரட்டி, வேளை மருந்து, கைப்பேசி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.
• காளானைப் பறிக்காமல் மேலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலும் படம் எடுங்கள். மரத்திலா, மண்ணிலா, புற்றிலா, எதில் முளைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்டில் வளையம் உண்டா என்றும் பாருங்கள்.
• படத்தை மட்டும் வைத்து யார் "சாப்பிடலாம்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.
• திரும்பியதும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால்

உடல்நலக் குறைவு தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். வலிந்து வாந்தி எடுக்காதீர்கள். மீதமுள்ள காளானையோ சமைத்த உணவையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். உடன் சாப்பிட்ட அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

சில காளான்களின் நஞ்சு 6 மணி நேரத்திற்குப் பிறகே வேலையைக் காட்டும். வாந்தி நின்று தேறியதுபோல் இருக்கும் வேளையிலும் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கலாம். ஆகவே, "சரியாகிவிட்டது" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

காளான் குழம்பு சாப்பிட ஆசையா? சந்தையில் விற்கும் சிப்பிக்காளானை வாங்கிச் சமையுங்கள். திடலில் விளையாடும் பேரப்பிள்ளைகளுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.