காற்றில் வரும் பிறர் துயரம்

வண்டலூர் – வாலாசாபாத் நெடுஞ்சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். தொழிற்சாலைப் பேருந்துகள் இரவும் பகலும் ஓடும் அச்சாலைகளில் விபத்து நேர்ந்தால், அச்செய்தி காவலரின் வாக்கி-டாக்கியில் ஒலிக்கும். அதை வீட்டிலிருந்தே கேட்டுவிட வேண்டும் என்னும் ஆவல் இளைஞர்க்கு எழுவது இயல்பே. அலைவரிசைகளைத் துழாவிக் கேட்கும் ‘ஸ்கேனர்’ கருவி அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. அங்கும் நிலை மாறி வருகிறது. நியூயார்க் நகரக் காவல்துறை 2023-இல் தன் உரையாடலைப் பிறர் கேளாவண்ணம் மறைக்கத் தொடங்கியது.

நம் நாட்டிலோ, 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிக் கருவி வைத்திருப்பதையே தடை செய்தது. வீட்டு ரேடியோவுக்கும் அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டணம் செலுத்திய காலத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, செய்திகளை முறைகேடாக இடைமறிப்போருக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 2 கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வாக்கி-டாக்கிகள் இணையக் கடைகளில் வரைமுறையின்றி விற்கப்படுவதைத் தடுக்க 2025 மே மாதத்தில் நடுவண் அரசு நெறிமுறைகளை வெளியிட்டது. எனவே, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடலாகாது.

ஆயினும், சட்டத்திற்கு அஞ்சி விலகினால் மட்டும் போதுமா? காவலர் உரையாடலில் அடிபட்டவரின் பெயர் இருக்கும். காணாமற்போன பெண்ணின் முகவரி இருக்கும். மகன் மாண்ட செய்தி தாயின் செவிக்கு எட்டுமுன் தெருவெல்லாம் பேசப்படுமாயின், அதனினும் கொடுமை வேறுண்டோ? ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதைக் குருவானவர் எந்நிலையிலும் வெளியிடலாகாது என்பதை நாம் அறிவோம். பிறர் துயரம் நமக்குச் சொல்லப்பட்டாலே அதைக் காக்கும் கடமை வந்துவிடுகிறது. சொல்லப்படாததை ஒட்டுக்கேட்டு மகிழ்வது எவ்வாறு தகும்?

வானொலி அலைகளின்மீது ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு நேரிய வழி ஒன்று உண்டு. அதுவே ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலி. 12 வயது நிரம்பியோர் தேர்வெழுதி, மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் பெறலாம். உலகெங்கும் உள்ள ஹாம் அன்பர்களோடு அவர்கள் உரையாடலாம்; ஆனால் வணிகம் செய்யலாகாது.

அதன் பயனை 2004-ஆம் ஆண்டு நாடே கண்டது. ஹாம் நிலையம் அமைத்து ஒலிபரப்புவதற்காக டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி தம் குழுவினருடன் அந்தமான் சென்றிருந்தார். டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, அவர்களது நிலையமே பலருக்கு உயிர்நாடியாயிற்று. தீவுகளில் இருந்தோரின் நலச் செய்திகளை, பெருநிலத்தில் கலங்கிக் காத்திருந்த உறவினர்க்கு அவர்கள் அனுப்பினர். அங்கும் பிறர் துயரமே அலைகளில் வந்தது; அதைத் துடைப்பதற்காகவே அவர்கள் செவிமடுத்தனர்.

பெற்றோரே, பிள்ளைகளின் ஆர்வத்தை அணைக்க வேண்டாம். அது எவர்க்குப் பயன்பட வேண்டும் என்பதை அவர்களுக்குக் கற்பித்தல் நம் கடமை.