காட்சித் தேடல்

காட்சித் தேடல் என்பது பல பொருட்கள் நிறைந்த காட்சியில் குறிப்பிட்ட ஒன்றைக் கண்ணால் தேடிக் கண்டறியும் செயலாகும். கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுவதும், ஸ்கேன் படத்தில் கட்டியைத் தேடுவதும் இதில் அடங்கும். தேடப்படுவது இலக்கு எனவும், கவனத்தைக் கலைப்பவை திசைதிருப்பிகள் எனவும் அழைக்கப்படுகின்றன.

இருவகைத் தேடல்

1980 இல் ஆன் டிரீஸ்மன், கேரி கெலேட் ஆகியோர் பண்பு ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை வெளியிட்டனர். பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள ஒற்றைச் சிவப்புப் புள்ளி உடனே கண்ணில் படும். ஆனால் நிறம், வடிவம் இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டியிருந்தால், பொருட்கள் கூடக் கூட நேரமும் கூடும்.

நினைவின் பங்கு

இலக்கின் உருவம் செயல்படு நினைவில் இருந்து கவனத்தை வழிநடத்துகிறது. ஏற்கெனவே பார்த்த இடங்களும் நினைவில் நிற்கின்றனவா என்பது நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. 1998 இல் டாட் ஹொரோவிட்ஸ், ஜெரமி வுல்ஃப் ஆகியோர் தேடலின்போதே 111 மில்லிநொடிக்கு ஒருமுறை பொருட்களை இடம் மாற்றினர். பொருட்கள் கூடும்போது தேடும் நேரம் கூடும் வீதம் இதனால் மாறவில்லை. எனவே தேடலுக்கு நினைவு இல்லை என அவர்கள் வாதிட்டனர். எனினும், கண் அசைவுகளை அளந்த பிந்தைய ஆய்வுகளில், பார்த்த பொருளுக்கே கண் திரும்புவது தற்செயலாக எதிர்பார்க்கப்படுவதைவிடக் குறைவாக இருந்தது. பார்த்த இடங்களைப் பற்றிய ஓரளவு நினைவு உண்டு என்பதை இது காட்டுகிறது.

திடீர்த் தோற்றங்கள்

காட்சியில் புதிதாகத் தோன்றும் பொருள் கவனத்தை வலுவாக ஈர்க்கும் என 1984 இல் ஸ்டீவன் யாண்டிஸ், ஜான் ஜோனைடஸ் ஆகியோர் காட்டினர். 1998 இல் யான் தேவஸ் குழுவினர் நடத்திய சோதனையில், தேடலுக்குத் தொடர்பில்லாத பொருள் திடீரெனத் தோன்றியபோது, பங்கேற்றவர்களின் கண்கள் பலமுறை முதலில் அதன் பக்கமே சென்றன. ஆயினும் இந்த ஈர்ப்பு தவிர்க்க முடியாதது அன்று. இலக்கு வரும் இடம் முன்கூட்டியே தெரிந்து, கவனம் அங்கே குவிந்திருந்தால் இதன் தாக்கம் வெகுவாகக் குறைகிறது.

மருத்துவத்தில் முக்கியத்துவம்

தேடுவதில் ஆழ்ந்த கவனம் திசைதிருப்பிகளைத் தடுக்கிறது. ஆனால் எதிர்பாராதவற்றை மறைத்தும் விடலாம். 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், 24 கதிரியக்க மருத்துவர்கள் நுரையீரல் சி.டி. படங்களில் சிறு கட்டிகளைத் தேடினர். அப்படங்களில் வைக்கப்பட்டிருந்த கொரில்லா உருவத்தை அவர்களுள் 20 பேர் கவனிக்கவில்லை. அந்த 20 பேரில் பெரும்பாலோரின் பார்வை அவ்வுருவத்தின் மீதே பதிந்திருந்தது. ஓரிடத்தைப் பார்ப்பதும் அங்குள்ளதைக் கவனிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.